கீழக்கரைக்குப் போனால் முதலில் ஒரு டீக்கடையைப் பிடியுங்கள்

கேள்வி: வேலை மாற்றலாகி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போகிறேன். அந்த ஊருக்கே உரிய சாப்பாட்டையும் நல்ல டீயையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

அதே கரையில் இருக்கும் கீழக்கரையில் ஒன்பது மாதம் இருந்தேன். சொந்த ஊர் ஈரோடு பக்கம். போன புதிதில் இரண்டு வாரம் அந்த ஊர்ச் சாப்பாடு எதையுமே நான் சாப்பிடவில்லை. காலையில் இட்லி, இரவில் புரோட்டா. அது ஈரோட்டிலும் கிடைக்கும். கீழக்கரைக்காரர்கள் எதை எங்கள் ஊர்ப் பண்டம் என்று பெருமையாகச் சொல்வார்களோ, அது பெரும்பாலும் ஓட்டல் பலகையில் இருக்காது. வீடுகளில் செய்வார்கள். தெரிந்தவர் மூலமாகச் சொல்லி வைத்தால் நமக்கும் செய்து தருவார்கள். அந்தத் தெரிந்தவர் எங்கே கிடைப்பார் என்றால், டீக்கடையில்தான். ஒரே கடைக்கு, தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். நாலு கடை மாற்றி மாற்றிக் குடித்தால் யாருக்கும் உங்கள் முகம் பதியாது.

டீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கரையில் அது தண்ணீர் விஷயம். நான் வாடகை வீட்டில் போட்ட டீ வாயில் வைக்க முடியாமல் இருந்தது. கடையில் வாங்கும் அதே தூள், அதே பால். கடைக்காரரிடம் கேட்டேன்.

"எந்தத் தண்ணியில போட்டீங்க தம்பி?"

"வீட்டு போர் தண்ணிதான் பாய்."

"அதுல சோப்பே நுரைக்காது. டீ எப்படி நல்லா இருக்கும்? டீக்கு நல்ல தண்ணி வேணும்ல."

ராமநாதபுரம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீர் தேடிப் போவதைக் கிராமத்துச் சாலைகளில் பார்க்கலாம். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய தண்ணீரில் தேயிலை கொதித்தால் நிறம் மங்கிப்போகும், மேலே மெல்லிய படலம் கட்டும், சுவை மழுங்கும். நல்ல கடைக்காரர்கள் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ வாங்கித்தான் பாய்லரில் ஊற்றுகிறார்கள். ஆகவே புது ஊரில் ஒரு கடையைச் சோதிக்க வேண்டுமானால் பால் ஊற்றாத டீ ஒன்று கேளுங்கள். பாலும் சீனியும் எதையும் மறைத்துவிடும். வெறும் டீ கண்ணாடி கிளாஸில் தெளிந்த செம்பு நிறத்தில் இருந்தால் அந்தக் கடையில் தைரியமாக உட்காரலாம்.

மூன்றாவது வாரம் நான் 'பாய்' என்பதை விட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி 'காக்கா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அங்கே அண்ணனுக்கு அதுதான் பெயர். ஒரு நாள் சாயங்காலம், "காக்கா, தொதல் தொதல்னு எல்லாரும் சொல்றாங்களே, எங்க வாங்குறது?" என்று கேட்டேன். கடையில் விற்பதை வாங்க வேண்டாம், வெள்ளிக்கிழமை வந்து சேருங்கள் என்றார். தெரிந்த ஒரு மாமி வீட்டுக் கொல்லையில் விறகடுப்பு மூட்டியிருந்தார்கள். தொதல் என்கிற அந்த இனிப்புக்கு அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி. வேறு பெரிய கைவேலை எதுவும் இல்லை, கிண்டுவதுதான் வேலை. மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர் துடுப்பை வாங்கிக்கொள்கிறார். முதலில் கஞ்சி மாதிரி, அப்புறம் களி மாதிரி, கடைசியில் தேங்காய்ப் பாலில் இருந்த எண்ணெய் பிரிந்து ஓரத்தில் பளபளவென்று நிற்கிறது. அந்த எண்ணெய் பிரிகிற பக்குவம் வரும் வரை இறக்கக் கூடாது. சூடாகவே ஒரு துண்டு கேட்டேன். "ஆறட்டும் தம்பி, நாளைக்குச் சாப்பிட்டாத்தான் தெரியும்" என்றார் மாமி. அவர் சொன்னது சரி. மறுநாள் அது இறுகி, கத்தியில் ஒட்டாமல் வெட்ட வந்தது. கருப்பட்டி வாசனையும் நன்றாக ஏறியிருந்தது.

இதே பண்டம் இலங்கையிலும் தொதல்தான். மலேசியா, இந்தோனேசியாவில் டோடோல். மரக்காயர்கள் என்கிற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கப்பலோட்டி வணிகம் செய்த கரை இது. முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து ஆவியில் வேகவைக்கிற வட்டலாப்பமும் அப்படித்தான், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் தொதலைத்தான் எடுப்பேன்.

மீனுக்கு வருவோம். குழம்பை அங்கே முஸ்லிம் வீடுகளில் ஆணம் என்பார்கள். "மீன் ஆணம் சாப்பிட்டீங்களா?" என்று யாராவது கேட்டால் முழிக்க வேண்டாம். காரம் ராமநாதபுரம் முண்டு மிளகாயிலிருந்து வருவது. குண்டாக, தோல் தடித்து இருக்கும் மிளகாய். மழையை நம்பி விதைப்பது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொங்குப் பக்கத்து நாக்குக்கு முதல் நாள் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் நீள மிளகாயில் வைத்த மீன் குழம்பை இப்போது என்னால் ரசித்துச் சாப்பிட முடியவில்லை. என்ன மீன் என்று மனதில் முடிவு செய்துகொண்டு போகாதீர்கள், அன்று கரையில் என்ன இறங்கியதோ அதைச் சாப்பிடுங்கள். சூடை வந்தால் சூடை, காரல் வந்தால் காரல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் அந்தக் கரை மீன். விலை ஏறித்தான் இருக்கும், ஆனால் புதிது.

அதே கோடையில் சாயல்குடி பக்கம் பனங்காடுகளில் பதநீர் இறக்குவார்கள். விடியற்காலையில் போக வேண்டும், வெயில் ஏறிவிட்டால் ருசி போய்விடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது கள்ளாகாமல் நிற்கிறது. ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள், நுங்கும் சீவிப் போடச் சொல்லுங்கள். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வரும் வழியில் திருப்புல்லாணி பெருமாள் கோயில் பாயசப் பிரசாதமும் பேர்போனது.

நோன்பு மாதத்தில் போய்ச் சேர்ந்தால் பகலில் பல கடைகள் மூடியிருக்கும், டீக்கும் அலைய வேண்டியிருக்கும். சங்கடப்பட வேண்டாம். சாயங்காலம் பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சிய கஞ்சி ஊற்றுவார்கள். எனக்கு காக்காதான் முதல் நாள் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினார். எந்த ஊர், எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தூக்குவாளி மட்டும் கொண்டுபோங்கள், மூடியோடு.