மும்பையின் மூடிக்கிடக்கும் பஞ்சாலைகள் ஏன் நின்றன, அவற்றைப் படமெடுக்க எதைக் கவனிக்க வேண்டும்?

1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தம்தான் ஆலைகளை மூடவைத்தது என்பார்கள். பாதி உண்மை. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கிய போராட்டம் அது. ஆனால் பல முதலாளிகள் அதற்கு முன்பே பழைய இயந்திரங்களை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; மும்பைக்குப் பக்கத்து ஊரான பிவண்டியின் விசைத்தறிகள் மலிவாக நெய்து தள்ளின. பிறகு துணியைவிட நிலம் லாபமாகிவிட்டது. மும்பையின் 1991 வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிப்படி, ஆலை நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கும் இன்னொரு பங்கு பொதுவீட்டுவசதிக்கும் போக வேண்டும் என்றிருந்தது. 2001 திருத்தம் இந்தப் பங்கீட்டைக் கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. பகல்கொள்ளை என்பேன். ஃபீனிக்ஸ் மில் இன்று ஒரு வணிக வளாகம்.

படத்துக்கு வருவோம். பழைய நெசவுக்கூடங்களின் கூரை பெரும்பாலும் ரம்பப் பல்போல இருக்கும். கண்ணாடிப் பக்கம் வடக்கு நோக்கியது. நேர்வெயில் விழாது, நூல் அறுந்தால் நெசவாளி கண்ணில் படும். அதே மென்மையான வெளிச்சம் உங்களுக்கும் கிடைக்கும். ஃபிளாஷ் போட்டுக் கெடுக்காதீர்கள். வார்ப்பிரும்புத் தூண்களின் மேற்பகுதியை நெருங்கி எடுங்கள்: ஒரே நீராவி எஞ்சினின் சுழற்சியைத் தறிகளுக்குக் கொண்டுபோன தண்டுகளைத் தாங்கிய கொக்கிகள் சிலவற்றில் இன்னும் முடுக்கியபடி இருக்கும்.

அனுமதியில்லாமல் சுவரேறிக் குதிக்க வேண்டாம். பல ஆலைகள் மத்திய அரசு நிறுவனமான தேசிய ஜவுளிக் கழகத்தின் வசம் உள்ளன, எழுத்துமூலம் கேளுங்கள். எண்ணெய் ஊறிய மரத்தளத்தை நம்பிக் கால் வைக்காதீர்கள்.