உதிரிபாகத் தொழிலில் மகளுக்கு எதிர்காலம் உண்டா?

ஐயா,

“இன்ஜினியரிங் படிக்க வைத்தது ஸ்பேர் பார்ட்ஸ் விற்பதற்கா?” என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு வந்திருப்பது கார் உதிரிபாக விநியோக நிறுவனம் ஒன்றின் வேலை. அவரோ, சேருவதற்கு முன்னால் இந்தத் தொழிலின் கண்காட்சி ஒன்றை நேரில் பார்த்துவிட வேண்டும் என்கிறார். உங்களுக்கு இரண்டிலுமே மனசில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்காட்சிக்கு அவசியம் அனுப்புங்கள். வேலையில் சேருவதா வேண்டாமா என்பதை அவர் திரும்பி வந்த பிறகு உட்கார்ந்து பேசுங்கள். விற்பனை வேலை என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தள்ளிவிடாதீர்கள்.

ஒரு கார் ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து உடைத்து நொறுக்கப்படும் நாள்வரை அதற்குத் தேவைப்படும் ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட், பேரிங், ஷாக் அப்சார்பர், விளக்கு எல்லாம் சேர்ந்ததுதான் இந்தச் சந்தை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார், சிறு டிரக் வகை வண்டிகளின் சராசரி வயது 2024-இல் 12.6 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். அதாவது பெரும்பாலான வண்டிகள் வாரன்டி முடிந்து பல வருடம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புது வண்டி விற்பனை மந்தமானால், மக்கள் பழைய வண்டியையே பழுது பார்த்து ஓட்டுவார்கள். தயாரிப்பு ஆலைகளில் ஆள்குறைப்பு நடக்கும் காலத்திலும் உதிரிபாகக்காரர்களுக்கு வேலை இருப்பது இதனால்தான்.

ஆனால் போட்டி கடுமையானது, அதை மறைக்க மாட்டேன். ஒரே பாகம் நான்கைந்து பெட்டிகளில் வரும். வண்டி கம்பெனி தன் பெயரில் ஒரு பெட்டி போடும். அந்தப் பாகத்தை வண்டி கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் போஷ், வேலியோ, டென்சோ போன்றவர்கள் தங்கள் பெயரிலேயே இன்னொரு பெட்டி போடுவார்கள். வண்டி கம்பெனிக்கு எப்போதுமே சப்ளை செய்யாத தயாரிப்பாளர்கள் அதே அளவில் ஒன்று தயாரிப்பார்கள். கடைச் சங்கிலிகள் தங்கள் சொந்த பிராண்டில் ஒன்று விற்பார்கள். அமெரிக்க உதிரிபாகக் கடைச் சங்கிலியான ஆட்டோசோனின் டியூராலாஸ்ட் அப்படிப்பட்டதுதான். கடைசியாக, எந்தப் பெயரையும் திருடி ஒட்டிக்கொண்டு வரும் டூப்ளிகேட். இத்தனை பெட்டிகளுக்கு நடுவே விலையைக் குறைத்துத்தானே பிழைக்க வேண்டும் என்று தோன்றும். பாதிதான் உண்மை.

ஒர்க் ஷாப்பில் நடப்பதைப் பார்த்தால் மீதிப் பாதி புரியும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் திறந்து வைத்துவிட்டார் மெக்கானிக். வந்து சேர்ந்த பிரேக் பேட் பொருந்தவில்லை. சரியான பேட் வரும்வரை அந்த லிஃப்டில் வேறு வண்டி ஏற முடியாது. வண்டிக்காரர் வாசலில் நின்று நேரம் பார்க்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் இழப்பது, பேட்டின் விலையில் கிடைத்த தள்ளுபடியைவிடப் பல மடங்கு அதிகம். அடுத்த முறை அவர் யாருக்கு ஃபோன் போடுவார்? சரியான பாகத்தை, சொன்ன நேரத்தில், முதல் தடவையே கொண்டு வந்து கொடுத்தவருக்குத்தான். இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பவர்கள் எல்லோரும் இதில்தான் ஜெயிக்கிறார்கள். உங்கள் மகள் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுவே.

பெரிய நிறுவனங்கள் பணத்தை எங்கே கொட்டுகின்றன என்று பாருங்கள். ஆட்டோசோன், சுற்றிலுமுள்ள கிளைகளுக்கு அன்றன்றே சரக்கு அனுப்புவதற்கென்று ‘மெகா ஹப்’ என்ற பெரிய கிடங்குக் கடைகளைத் திறந்துகொண்டே போகிறது. அதே காலத்தில் அதன் போட்டிச் சங்கிலியான அட்வான்ஸ் ஆட்டோ பார்ட்ஸ், 500-க்கு மேற்பட்ட தன் சொந்தக் கடைகளை மூடப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தது. இருவரும் ஒரே நாட்டில், ஒரே வகை வண்டிகளுக்கு, ஏறக்குறைய ஒரே பாகங்களை விற்பவர்கள்தான். எந்தப் பாகம் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற மனிதர்களுக்கு இந்தத் தொழிலில் இவ்வளவு மதிப்பு ஏன் என்பது இதிலிருந்து தெரியும்.

சரி, இதில் இன்ஜினியருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பிரேக் பேடையே எடுத்துக்கொள்வோம். ஒரே மாடல், ஒரே ஆண்டு வண்டியில்கூட, என்ஜினைப் பொறுத்து டிஸ்க் அளவு 280 மி.மீ. ஆகவும் இருக்கலாம், 300 மி.மீ. ஆகவும் இருக்கலாம். ஆண்டின் நடுவில் காலிப்பர் சப்ளையர் மாறியிருக்கலாம். தேய்மானத்தைக் காட்டும் சென்சார் ஒயர் ஒரு வகையில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பேடின் ஓரத்தில் அச்சடித்த எழுத்துகளைப் படிக்கவும் தெரிய வேண்டும். ‘எஃப்எஃப்’ என்று இருந்தால், எஸ்ஏஈ என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் முறைப்படி சாதாரண வெப்பத்திலும் சூடேறிய நிலையிலும் உராய்வுக் கெழு 0.35-க்கும் 0.45-க்கும் இடையில் இருக்கிறது என்று அர்த்தம். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்து, பக்கத்தில் ‘90ஆர்’ என்று தொடங்கும் குறியீடும் இருந்தால், மாற்றுப் பிரேக் பேடுகளுக்கான ஐ.நா. விதிமுறை 90-இன்படி ஒப்புதல் பெற்றது. கல்லூரியில் உராய்வைப் பற்றிப் படித்தவருக்கு இந்தக் குறிகள் சட்டென்று பிடிபடும். வெறும் பார்ட் நம்பரை மனப்பாடம் செய்தவருக்குப் பிடிபடாது.

இந்த விவரங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி வைப்பதே ஒரு தனித் தொழில். ஐரோப்பாவில் பாகத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 1994-இல் டெக்டாக் என்ற பொதுக் கேட்லாக்கைத் தொடங்கினார்கள். வட அமெரிக்காவில் ஏசஸ், பைஸ் என்ற இரண்டு தரவு முறைகள் இருக்கின்றன. எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பது ஏசஸில், பாகத்தின் அளவு, எடை, படம், பெட்டி விவரம் எல்லாம் பைஸில். இணையத்தில் பாகம் வாங்குகிறவர் வண்டியின் பெயரைத் தட்டியதும் சரியான பட்டியல் வருகிறதென்றால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் வரிசை வரிசையாக உட்கார்ந்து சரிபார்த்திருக்கிறார். அதில் ஒரு வரி தப்பினால் நூற்றுக்கணக்கான பெட்டிகள் ரிட்டர்ன் வரும். கேட்லாக் பிரிவு பார்ப்பதற்குக் கவர்ச்சியில்லாத இடம். ஆனால் புதிதாகச் சேரும் ஒருவர் முழுத் தொழிலையும் வேகமாகப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே ஓரிரு வருடம் இருந்தவர் பிறகு பிராடக்ட் மேனேஜராகப் போகலாம், சரக்குத் திட்டமிடலுக்குப் போகலாம், வாரன்டியில் திரும்பி வரும் பாகங்களை ஆராயும் பிரிவுக்கும் போகலாம். ஏற்றுமதி விற்பனைக்குப் போனால்கூட, வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல முடியும்.

அப்புறம், அந்தக் கண்காட்சி விஷயம். மகள் எந்தக் கண்காட்சிக்குப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. உலகில் பெரியவை சிலவற்றைச் சொல்கிறேன், வித்தியாசம் புரியும். ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் 1971-இல் தொடங்கிய ஆட்டோமெக்கானிகா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2024-இல் அங்கே ஸ்டால் போட்டவர்கள் மட்டும் 4,000-க்கு மேல். ஷாங்காய் உட்படப் பல நகரங்களில் அதே பெயரில் நடத்துகிறார்கள். அமெரிக்காவில் 1967-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விளையாட்டரங்கத்தில் தொடங்கிய சீமா கண்காட்சி 1977-இல் லாஸ் வேகாஸுக்கு இடம் மாறியது. வண்டியை அழகுபடுத்துவது, வேகம் கூட்டுவது, அலங்காரச் சாமான்கள், இவைதான் அங்கே அதிகம். அதே வாரம், அதே ஊரில் நடக்கும் ஏபெக்ஸ், தேய்ந்து போகும் பாகங்களுக்கான சந்தை. படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் சீமாவுக்குத்தான் ஓடுவார்கள். வேலை தேடுகிற மாணவருக்கு நான் எப்போதும் ஏபெக்ஸ், ஆட்டோமெக்கானிகா போன்றவற்றைத்தான் சொல்வேன். இவையெல்லாம் பொதுமக்களுக்கானவை இல்லை, தொழிலில் இருப்பவர்களுக்கானவை. ஆனாலும் பல கண்காட்சிகளில் மாணவர்களுக்கென்று தனி அனுமதி உண்டு. கல்லூரி மூலம் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இனி வருவதை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அம்மா, எல்லா அரங்கையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதே. ஒரே ஒரு பாக வகையைத் தேர்ந்தெடுத்துக்கொள். ஃபில்டர் என்றால் ஃபில்டர், வீல் பேரிங் என்றால் வீல் பேரிங். அதைச் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று, நடுத்தரம் இரண்டு, அரங்கின் கடைசி வரிசையில் சின்ன ஸ்டால் போட்டிருக்கும் புதியவர்கள் நான்கைந்து பேர் என்று பட்டியல் போடு. முதல் நாள் காலையில் அவர்களிடம் போய் நிற்காதே. அது ஆர்டர் பேசும் நேரம், உன்னிடம் பேச யாருக்கும் பொழுதிருக்காது. அன்றைக்குச் சும்மா நின்று கவனி. யார் ஸ்டாலில் பழைய டீலர்கள் உள்ளறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், யார் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு துண்டறிக்கை கொடுக்கிறார்கள் என்று பார். பெரிய பெயர்கள் ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்களைக் காப்பாற்றிக்கொள்ள வருகிறார்கள். சின்னவர்கள் தங்களுக்கு முதல் டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடி வருகிறார்கள். இரண்டு பேரும் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும்.

கடைசி நாள் மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். ஸ்டாலில் இருப்பவர்களும் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நீ கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான். மாணவி என்று சொல்லியே கேள், வாங்க வந்தவள்போல் நடிக்காதே. உங்கள் கேட்லாக்கில் எத்தனை பார்ட் நம்பர் இருக்கிறது, புது மாடல் வண்டி வந்த பிறகு எவ்வளவு காலத்தில் அதற்கான பாகம் தயாராகிறது, ரிட்டர்ன் வருவதில் பொருந்தாமல் வருவது அதிகமா, பழுதாகி வருவது அதிகமா, ஒரே பகுதியில் எத்தனை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் குறித்துக்கொள். கேட்டவருக்கெல்லாம் சரக்குக் கொடுக்கும் தயாரிப்பாளரின் விநியோகஸ்தர்கள் ஒருவரையொருவர் விலையில் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்கே சேரும் விற்பனை ஊழியரின் டார்கெட் எப்படி இருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள்ளலாம்.

உனக்கு வேலை கொடுப்பதாகச் சொன்ன நிறுவனத்தின் ஸ்டால் அங்கே இருந்தால், சொல்லாமல் போய்ப் பார். அவர்களுடைய போட்டியாளரின் ஸ்டாலுக்கும் போ. உன் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, ‘அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டுப் பார். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். திட்டினால்கூட அதில் சேதி இருக்கும்.

ஐயா, மீண்டும் உங்களிடம் வருகிறேன். மின்சார வண்டிகள் வந்தால் இந்தத் தொழிலே போய்விடாதா என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். என்ஜின் ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், சைலன்சர் ஆகியவை அந்த வண்டிகளில் கிடையாது என்பது உண்மை. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வதால் பிரேக் பேடும் மெதுவாகத் தேயும். ஆனால் பேட்டரியின் கனத்தால் டயரும் சஸ்பென்ஷனும் அதிகம் உழைக்கின்றன. கேபின் ஃபில்டர், வைப்பர், பேரிங், கூலன்ட் எதுவும் போகவில்லை. இன்று ஓடும் பெட்ரோல், டீசல் வண்டிகளும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஸ்பார்க் பிளக் மட்டுமே செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை என்றால் நானும் உங்களோடு சேர்ந்து யோசிப்பேன். பல வகைப் பாகங்களைக் கையாளும் விநியோகஸ்தரிடம் அந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை. நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. வண்டியின் மென்பொருள் பூட்டைத் திறக்காமல் பாகத்தை மாற்றவே முடியாத நிலை வந்துகொண்டிருக்கிறது. முன்பக்கக் கண்ணாடியை மாற்றினால்கூட அதன் பின்னாலுள்ள கேமராவை மறுபடி அளவு பார்த்து அமைக்க வேண்டிய வண்டிகள் பெருகிவிட்டன. மகள் நேரம் கிடைக்கும்போது, வண்டியின் கணினியோடு இணைத்துப் பழுதைப் படிக்கும் ஸ்கேன் டூல் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் அது எந்த நாளும் வீண் போகாது.

இன்னொரு ஆபத்து, பணம் சுற்றிவரும் விதம். இந்தத் தொழிலில் சரக்கு ஒரு வேகத்தில் போகும், பணம் வேறொரு வேகத்தில் வரும். ஆட்டோசோனின் கணக்கில், சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அதன் மொத்தச் சரக்கின் மதிப்பில் 100 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. அதாவது அலமாரியில் இருக்கும் பாகத்துக்கான முதலைப் பெரும்பாலும் தயாரிப்பாளர்களே சுமக்கிறார்கள். அப்படிச் சுமக்க அவர்கள் கடன் வாங்குகிறார்கள். ஃபிராம், டிரிகோ, ஆட்டோலைட் போன்ற தெரிந்த பெயர்களைக் கையில் வைத்திருந்த ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ் நிறுவனம், பெரும் கடனோடு 2025 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. பெட்டியில் அச்சடித்த பெயர் பிரபலமாக இருப்பதாலேயே வேலை பத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். நேர்காணலுக்குப் போகும்போது ‘வாடிக்கையாளர்களுக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கிறீர்கள், வசூல் யார் பொறுப்பு’ என்று மகள் கேட்கட்டும். விற்பனை ஊழியரே வசூலுக்கும் அலைய வேண்டும், வராத பணம் ஊக்கத்தொகையில் பிடித்தம் செய்யப்படும் என்றால், அந்த வேலை வேண்டாம் என்றே சொல்வேன்.

தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் இருக்கும். முதல் வருடத்தில் கிடங்கிலும் கவுண்டரிலும் நிற்க வைப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கிடங்கைத் தெரியாமல் மேலே போனவர்கள் இந்தத் தொழிலில் திணறுவார்கள். ஆனால் அந்தப் பயிற்சிக்கு ஒரு முடிவுத் தேதி இருக்க வேண்டும். எத்தனை மாதம் கிடங்கு, அதன்பின் கேட்லாக்கா, சரக்குத் திட்டமிடலா, வெளியே போய்ச் செய்யும் விற்பனையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியூர்ப் பயணம் மாதத்துக்கு எத்தனை நாள், தங்குமிடம் யார் ஏற்பாடு, அதே பிரிவில் ஏற்கெனவே பெண்கள் வேலை செய்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அப்படி ஒருவர் இருந்தால் மகள் அவரோடு ஃபோனில் பத்து நிமிடம் பேசட்டும்.

வேலைக் கடிதத்துக்குப் பதில் சொல்லக் கடைசித் தேதி கண்காட்சிக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், கண்காட்சிக்குப் போகவிருப்பதைச் சொல்லியே ஒரு வாரம் அவகாசம் கேட்டு மகள் மின்னஞ்சல் அனுப்பட்டும். அவர்கள் சொல்லும் பதிலையும், வேலைக் கடிதத்தின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.