ரூப்ரின் படிகத்தில் மின்சுற்று: முதலில் ஒரே ஒரு நாட் சுற்று

கேள்வி: கிருஷ்ணகிரியில் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எம்.எஸ்சி. மாணவர்கள் ரூப்ரின் என்ற கரிமக் குறைக்கடத்தியில் ஒற்றைப் படிக டிரான்சிஸ்டர்கள் செய்து, அவற்றைக் கோத்து வளைய அலையியற்றி (உள்ளீட்டைத் தலைகீழாக்கும் நாட் சுற்றுகளை வளையமாக இணைத்து, தானே அலைவு எழுப்பும் சுற்று) அமைக்க ஆசைப்படுகிறார்கள். குழாய் உலை இருக்கிறது, சுத்த அறை இல்லை. முடியுமா?

பதில்: டிரான்சிஸ்டர் நிச்சயம் முடியும். வளைய அலையியற்றியை மட்டும் இந்த ஆண்டு தொடாதீர்கள்.

உங்கள் உலையே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். ரூப்ரின் தூளை ஏறத்தாழ 300 டிகிரியில் வைத்து ஆர்கானை மெதுவாக ஓடவிட்டால், அது பதங்கமாகிக் குழாயின் குளிர்ந்த பக்கத்தில் படிகமாகப் படியும். இடையில் மின்சாரம் போனால் வளர்ச்சி கெட்டுவிடும். உலைக்கு மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். தடித்துச் சிவந்து மின்னும் படிகங்கள்தான் மாணவர்களின் கண்ணை இழுக்கும். நமக்கு வேண்டியவை வெளிறிய, ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய தகடுகள். அவைதான் வழவழப்பான பரப்பில் வைத்ததும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும், தடித்தவை ஒட்டாது.

படிகத்தை எந்தத் திசையில் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். 2004-இல் வெளியான அளவீட்டில், ரூப்ரின் படிகத்தின் பி (b) அச்சில் துளைகளின் (நேர்மின்னூட்ட ஏந்திகளின்) இயக்க எண், அதாவது அவை எவ்வளவு எளிதாக நகரும் என்ற அளவு, வோல்ட்-வினாடிக்கு சுமார் 15 சதுர செ.மீ., ஏ (a) அச்சில் 4-ஐச் சற்றே தாண்டியது. முனைவாக்க நுண்ணோக்கியில் பார்த்துத் திசையைக் குறித்த பிறகே படிகத்தை எடுங்கள்.

அடித்தளமாக, 300 நானோமீட்டர் ஆக்சைடு படிந்த, நன்றாகக் கடத்துவதற்காக வேண்டுமென்றே மாசு அதிகம் கலந்த சிலிக்கான் வேஃபர் (மெல்லிய வட்டத் தகடு) போதும். அதன்மேல் தங்க மின்வாய்களைப் பதிக்க பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை அணுகுங்கள். வெளிக் கல்லூரிகளுக்கும் நானோ மின்னணு ஆய்வக வசதி தரும் ஐஎன்யுபி திட்டம் அங்கே இருக்கிறது. கழுவும்போது ஆழ்துளைக் கிணற்று நீர் படவே கூடாது. நம் மாவட்டத் தண்ணீரில் ஃப்ளோரைடும் உப்பும் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நீர் உலர்ந்து வெண்புள்ளி விழுந்த இடத்தில் படிகம் ஒட்டாது. அயனி நீக்கிய நீரையே பயன்படுத்துங்கள்.

இனி அலையியற்றி. அதற்குக் குறைந்தது மூன்று நிலைகள், அதாவது மூன்று நாட் சுற்றுகள், வேண்டும். ஒரு நிலையின் வெளியீடு அடுத்ததன் கேட் முனைக்கு (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனை) போக வேண்டும். உங்கள் வேஃபரிலோ சிலிக்கான் முழுவதும் ஒரே கேட். எத்தனை படிகம் வைத்தாலும் எல்லாம் சேர்ந்தே திறக்கும், சேர்ந்தே மூடும். கேட்களைப் பிரிக்கக் கண்ணாடியில் தனித்தனித் தங்கக் கோடுகளும், மேலே பாலிமர் காப்புப் படலமும் தேவை. போதாததற்குக் கையால் வைக்கும் ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

எனவே ஒரு படிகம், ஒரு மின்தடை, ஒரு நாட் சுற்று. மின்னோட்டம் நுழையும் சோர்ஸ் முனைக்கு 20 வோல்ட். அது வெளியேறும் டிரெயினிலிருந்து தரைக்கு 10 மெகாஓம். கணக்கு இதுதான்: ஆக்சைடின் மின்தேக்கம் சதுர செ.மீ.-க்கு சுமார் 11.5 நானோஃபாரட், இயக்க எண் 5, கால்வாயின் அகலமும் நீளமும் சமம், கேட் வோல்டேஜ் டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் மதிப்பைவிட 20 வோல்ட் அதிகம் என்று வைத்தால், திறந்த நிலையில் டிரான்சிஸ்டரின் தடை சுமார் 0.87 மெகாஓம். டிரெயினில் எடுக்கும் வெளியீடு 18 வோல்ட்டைத் தாண்ட வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது அளக்கும்போதுதான். ஆசிலாஸ்கோப்பை நேரடியாக இணைத்தால் அதன் 1 மெகாஓம் உள்ளீட்டுத் தடை உங்கள் 10 மெகாஓமுக்குப் பக்க இணைப்பாக அமைந்து, வெளியீட்டை 10 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். மாணவர்கள் பாவம், நல்ல படிகத்தைக் குறை சொல்லித் தூக்கி எறிவார்கள். உள்ளீட்டுத் தடை மிக அதிகமான, எஃப்இடி உள்ளீடு கொண்ட ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சிப்) ஒன்றை இடையில் வையுங்கள்.

இது ஒழுங்காக இயங்கிய பிறகு, மின்தடையை எடுத்துவிட்டு டிசிஎன்க்யூ (TCNQ) என்ற மற்றொரு கரிமக் குறைக்கடத்தியின் படிகம் ஒன்றை அதே வேஃபரில் வையுங்கள். அது எலக்ட்ரான்களால் கடத்தும் என் (n) வகை, ரூப்ரின் துளைகளால் கடத்தும் பி (p) வகை. இப்படி இரு வகையும் சேர்ந்த நிரப்பு நாட் சுற்றில் இரண்டு கேட்களும் இணைந்தே இருக்க வேண்டும் என்பதால், அலையியற்றிக்குத் தடையாக நின்ற அந்தப் பொதுக் கேட் இங்கே அப்படியே பயன்படும்.