சங்கு பாஸ்தாவும் சோம்பு வாசனையும்

பண்டாரி பதில்கள்

சென்ற மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, கப்பலில் நான் பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக, இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் சாசேஜும் சீஸும் அடைத்த சங்கு பாஸ்தாவை ஓவனில் வைத்து எடுப்போம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அதுதான்.

மகள் பிறந்தநாளுக்குச் சங்கு பாஸ்தா வாங்கி, சிக்கன் சாசேஜும் சீஸும் அடைத்து ஓடிஜி ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தால் தட்டின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர். மேலே பாஸ்தாவின் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. ஒரே தட்டில் வெள்ளமும் வறட்சியும் எப்படி ஐயா வரும்?
*— வாசகி, கோயம்புத்தூர்*

வரும் தாயி, எனக்கும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பாஸ்தாவை நீங்கள் முழுதாக வேகவைத்துவிட்டீர்கள்.

முழுதாக வெந்த பாஸ்தா வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி. அதற்கு மேல் ஒரு சொட்டுக் குடிக்காது. உள்ளே வைத்த சீஸ் விடும் தண்ணீர், தக்காளிச் சாறு விடும் தண்ணீர் எல்லாம் போக்கிடம் இல்லாமல் தட்டில் தேங்கும். சாறுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரமோ ஓவன் சூட்டில் காய்ந்து விறைக்கும்.

பாக்கெட்டில் 13 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கடித்தால் நடுவில் மாவு தட்டுப்பட வேண்டும். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் கல்லுப்பு. எடுத்ததும் வடிதட்டில் குவிக்காமல், ஒரு துணியை விரித்து ஒவ்வொரு சங்கையும் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொன்றும் அரைக் கரண்டித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் ஓவனுக்குள் போய்த்தான் விடும். துணியில் ஈர வளையம் வளையமாக இறங்குவதைப் பார்த்தாலே தெரியும், தட்டில் தேங்கியது எங்கிருந்து வந்தது என்று.

அடுத்து சீஸ். தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கும் மொசரெல்லாவை அப்படியே போடக் கூடாது. நறுக்கி, வடிகட்டியில் போட்டு, இரண்டு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இத்தாலியில் மொசரெல்லாவுக்குப் பேர் போன நேப்பிள்ஸ்காரர்களே எருமைப்பால் மொசரெல்லாவைப் பச்சையாகத்தான் தின்பார்கள். ஓவனுக்கு என்றால் பசும்பாலில் செய்த ஃபியோர் தி லாத்தே, அதுவும் முந்தின நாள் வாங்கி வடியவிட்டது, இல்லாவிட்டால் புகை போட்ட புரோவோலா சீஸ். நம் ஊரில் பீட்சாவுக்கு என்று கட்டியாக விற்கும் மொசரெல்லா இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துவரும், அதில் ஈரம் குறைவு. சதுரமாகத் தாளில் சுற்றி வரும் பிராசஸ்டு சீஸ் வேண்டாம். உருகினால் பசை மாதிரி நிற்கும்.

ஐந்தாறு பேருக்கு நான் போடும் கணக்கு இது: சங்கு பாஸ்தா 250 கிராம், சாசேஜ் 300 கிராம், ரிக்கோட்டா என்ற மெதுவான சீஸ் 300 கிராம், மொசரெல்லா 200 கிராம், பார்மிஜானோ சீஸ் துருவியது 40 கிராம், ஒரு முட்டை. மொசரெல்லாவில் பாதி உள்ளே, பாதி மேலே. சாசேஜின் தோலை உரித்து, வாணலியில் உதிர்த்துப் போட்டு, புட்டு பதத்துக்குக் கிளறி, சிவப்பு போகும்வரை வதக்கி, முழுசாக ஆறவிட்டுப் பிறகுதான் சீஸோடும் முட்டையோடும் கலக்க வேண்டும். சூடாகக் கலந்தால் ரிக்கோட்டா அங்கேயே அழ ஆரம்பித்துவிடும்.

சாறுக்கு ஒரு கிலோ பழுத்த தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு. நம் நாட்டுத் தக்காளியில் தண்ணீரும் புளிப்பும் அதிகம், ஆகவே பச்சை வாசனை போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வற்றவிடுங்கள். பிறகு பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றித் தளர்த்துங்கள். வற்றவைத்துவிட்டு ஏன் திரும்பத் தண்ணீர் என்று கேட்பீர்கள். இந்தத் தண்ணீர் பாஸ்தா குடிப்பதற்கு. அதுவும் மாவுச்சத்து கலந்தது. அரைவேக்காட்டுச் சங்கு அதைக் குடித்துத்தான் மீதி வேக்காட்டை முடிக்கும்.

தட்டின் அடியில் சாறு, அதன் மேல் அடைத்த சங்குகள், மேலே மீதிச் சாறு. ஓரம் ஒன்றுகூடச் சாறு படாமல் இருக்கக் கூடாது. 180 டிகிரியில், அலுமினியத் தாளால் இறுக மூடி 25 நிமிடம். தாளை எடுத்து, சீஸ் தூவி, இன்னும் 12 நிமிடம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் இந்தக் கடைசி விதியைத்தான் யாரும் கேட்பதில்லை.

இங்கே இத்தாலியச் சாசேஜ் கிடைப்பதில்லை. ஃப்ரீசரில் விற்கும் காக்டெய்ல் சாசேஜைப் போட்டால் என்ன அண்ணாச்சி? எல்லாம் சாசேஜ்தானே?
*— வாசகர், நாகர்கோவில்*

நானும் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. 1991-இல் நான் கப்பலில் ஏறியபோது எங்கள் இரண்டாம் இன்ஜினியர் ஒரு நேப்பிள்ஸ்காரர். ஞாயிற்றுக்கிழமை சங்கு பாஸ்தா கேட்டார். டின்னில் வரும் வியன்னா சாசேஜை வட்டம் வட்டமாக நறுக்கி அடைத்துக் கொடுத்தேன். மனுஷன் திட்டவில்லை. முள்கரண்டியால் ஒவ்வொரு வட்டத்தையும் நோண்டி எடுத்து, தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கினார். பாஸ்தாவை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த முறை நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கட்டியபோது என்னைப் பின்யாசேக்கா சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். குறுகலான தெரு, ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் காய், நடுவில் ஸ்கூட்டர். கறிக்கடையில் சரம் சரமாகத் தொங்கியது சல்சிச்சா. வேகவைக்காத, புகை போடாத பச்சைப் பன்றி இறைச்சி. அரைத்ததும் உண்டு, கத்தி நுனியால் கொத்தியதும் உண்டு. இரண்டாவதைத்தான் அவர் வாங்கினார். கடைக்காரர் ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். மோந்து பார்த்தால் சோம்பு! தூத்துக்குடியில் ராத்திரி பரோட்டாக் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. ஏழு கடல் தாண்டிப் போய் எங்கள் ஊர் சால்னா வாசனையைப் பிடித்தேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: எல்லாம் சாசேஜ் இல்லை. காக்டெய்ல் சாசேஜ் மைய அரைத்து, ஏற்கெனவே வெந்தது. அதை வதக்கினால் ரப்பர் ஆகும், கொழுப்பும் விடாது. சல்சிச்சா வாணலியில் தன் கொழுப்பை விட்டு, அதிலேயே வதங்கும். அந்தக் கொழுப்பில்தான் ருசி.

கிடைக்காவிட்டால் என்ன, செய்துகொள்ளலாம். தோல் எப்படியும் உரிக்கப் போகிறோம், ஆகவே குடலும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். கொழுப்போடு கொத்திய பன்றி இறைச்சி அரைக் கிலோ (நாகர்கோவில் பக்கம் நல்ல கறி கிடைக்குமே), உப்பு 9 கிராம், ஒன்றிரண்டாக இடித்த சோம்பு ஒரு ஸ்பூன், அதேபோல் மிளகு ஒரு ஸ்பூன், இரண்டு பல் பூண்டு, காய்ந்த மிளகாய் கிள்ளியது கொஞ்சம். சிவப்பு ஒயின் இருந்தால் இரண்டு ஸ்பூன், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கையால் பிசையுங்கள், இறைச்சி விரலில் ஒட்ட ஆரம்பிக்க வேண்டும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கிவிடும். சோம்பை வறுக்காதீர்கள், பச்சையாகவே இடியுங்கள். கரம் மசாலா பக்கம் கை போகவே கூடாது.

எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சேர்க்க மாட்டோம். வேறு வழி?
*— வாசகி, மேலப்பாளையம்*

கோழித் தொடைக்கறியைத் தோலோடு கொத்தி, மேலே சொன்ன அதே அளவில், ஒயின் மட்டும் இல்லாமல் பிசையுங்கள். நெஞ்சுக்கறி வேண்டாம், உலர்ந்துபோகும். கொழுப்புள்ள ஆட்டுக்கறியும் நன்றாக இருக்கும், ஆனால் சோம்பைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ரிக்கோட்டாவுக்குப் பதில் பன்னீர் போடலாமா?
*— வாசகி, சென்னை*

கடையில் கட்டியாக விற்கும் பன்னீரா? வேண்டாம். ரிக்கோட்டா என்றால் இத்தாலிய மொழியில் 'மறுபடி காய்ச்சியது' என்று அர்த்தம். சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை மறுபடி சூடாக்கும்போது திரண்டு மேலே வருவதுதான் அது. பஞ்சு மாதிரி இருக்கும், லேசான இனிப்பு உண்டு. பன்னீரோ முழுப் பாலைத் திரித்து, பாரம் வைத்து அழுத்தியது. சூட்டில் அது உருகாது, மணல் மணலாக நிற்கும்.

வீட்டில் ஒன்றரை லிட்டர் பசும்பாலைக் காய்ச்சி, அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். திரிந்ததும் துணியில் வடித்து, கால் மணி நேரம் தொங்கவிட்டால் போதும், பிழியக் கூடாது. இரண்டு ஸ்பூன் ஃபிரஷ் கிரீம் சேர்த்து மசித்தால், ரிக்கோட்டா இல்லை என்றாலும் அதன் ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம்.

நான் இத்தாலியில், பலெர்மோவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பதினேழு வருசம். வீட்டு அம்மா ஓவனில் வைக்கிற பாஸ்தாவுக்கு வெள்ளைச் சோஸ் விடுறதே இல்லை. ஆனால் படங்களில் பார்த்தால் எல்லாவற்றிலும் வெள்ளைச் சோஸ். எது சரி அண்ணா?
*— வாசகி, பலெர்மோ*

தங்கச்சி, நீங்கள் இருக்கிற ஊரில் நான் மொத்தம் நான்கு நாள்தான் இறங்கியிருக்கிறேன். உங்களுக்கு நான் பாடம் எடுப்பதா! இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

இரண்டும் சரி. வெள்ளைச் சோஸ், அதாவது பெஷமெல்லா, வடக்கே பொலோன்யா பக்கத்துப் பழக்கம். வெண்ணெய், பால், முட்டை போட்ட மாவுத் தகடு எல்லாம் தாராளமாகப் புழங்கும் ஊர்கள் அவை. கன்னெல்லோனி என்ற குழாய் பாஸ்தாவை அங்கே மாவுத் தகட்டைச் சுருட்டிச் செய்து, மேலே பெஷமெல்லாவை ஊற்றுவார்கள். அரை லிட்டர் பாலுக்கு 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, கொஞ்சம் சாதிக்காய்.

தெற்கே வந்தால் அந்த இடத்தில் ரிக்கோட்டா உட்காரும். நேப்பிள்ஸில் கார்னிவல் திருவிழா சமயத்தில் செய்யும் லசான்யா என்ற தகட்டுப் பாஸ்தாவில் ரிக்கோட்டா, சாசேஜ், சின்னச் சின்ன இறைச்சி உருண்டை எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும், பெஷமெல்லா இருக்காது. அதற்கான ராகு என்ற இறைச்சிச் சாறு அடுப்பில் 'பிப், பிப்' என்று மணிக்கணக்கில் குமிழி விடும். அந்தச் சத்தத்தை வைத்தே 'பிப்பியாரே' என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் குழம்பு 'தளதள' என்று கொதிப்பது மாதிரி.

உங்கள் வீட்டு அம்மா செய்வது அனெல்லெத்தி, மோதிர வடிவப் பாஸ்தா என்று நினைக்கிறேன். தட்டில் வெண்ணெய் தடவி, ரொட்டித் தூள் தூவி, இறைச்சிச் சாறு, பட்டாணி, கச்சோகவல்லோ சீஸ் போட்டு ஓவனில் வைப்பார்களே? நான் இறங்கிய நான்கு நாளில் மூன்று நாள் அதைத்தான் தின்றேன். மேலே மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும் ரொட்டித் தூளுக்காகவே இன்னொரு முறை வரலாம்.

கன்னெல்லோனி, மானிகாட்டி: இரண்டும் ஒன்றா?
*— வாசகர், திருச்சி*

கிட்டத்தட்ட. மானிகாட்டி அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்கள் வைத்துக்கொண்ட பெயர். கொஞ்சம் பெரிய, வரி வரியான குழாய். சங்குக்கு இத்தாலியப் பெயர் கொன்கில்யோனி. நேப்பிள்ஸ் பக்கத்தில் கிரன்யானோ என்ற ஊர் பாஸ்தாவுக்கே பேர் போனது. நம் திண்டுக்கல் பூட்டு மாதிரி அதற்கும் 2013-இல் புவிசார் முத்திரை கிடைத்தது. நான் கப்பலை விட்டு இறங்கியதும் அதே வருடம்தான். வெண்கல அச்சில் பிழிவதால் மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், சாறு வழுக்காமல் பிடிக்கும். முதல்முறை செய்பவர்கள் சங்கையே வாங்குங்கள். குழாயில் அடைக்க, பால் கவரின் மூலையை வெட்டிப் பிதுக்க வேண்டியிருக்கும். சங்குக்கு ஒரு ஸ்பூன் போதும்.

ஓவனே இல்லாத வீட்டில்?
*— வாசகி, மதுரை*

கனமான இரும்பு வாணலியில் ஒரு கிலோ கல்லுப்பு பரப்பி, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, உள்ளே ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் பாத்திரம். சிறு தீயில் 45 நிமிடம். வேகும், ஆனால் மேலே சிவக்காது. சிவக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு ஓடிஜியைப் பத்து நிமிடம் கடன் கேளுங்கள், நாலு சங்கைக் கொடுத்தால் மாட்டேன் என்றா சொல்வார்கள்?

முந்தின நாளே செய்து வைக்கலாமா?
*— வாசகி, திருநெல்வேலி*

தாராளமாக. சாறும் அடைப்பும் நன்றாக ஆறியபின் தட்டில் அடுக்கி, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆனால் ராத்திரி முழுக்க சங்கு சாறைக் குடித்துக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும். ஆகவே ஒரு கிண்ணம் சாறைத் தனியாக எடுத்து வைத்து, ஓவனில் ஏற்றும் முன் ஊற்றுங்கள். மூடி வேகவைக்கும் நேரத்தில் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனில் வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். நான் ஒன்றை உடைத்திருக்கிறேன், வீட்டுக்காரியின் சீர்வரிசைத் தட்டு அது. இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.