வார நாளில் அலுவலகம், விடுமுறையில் பாறைத் தடம்: பீட்லாக் சக்கரங்கள் குறித்த கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஜீப் ராங்ளர், ஃபோர்டு ப்ரான்கோ போன்ற வண்டிகளை வைத்திருக்கும் தமிழர்கள் பலர், வாரம் முழுவதும் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் அதே வண்டியில்தான் விடுமுறை நாட்களில் யூட்டாவின் மோவாபுக்கும் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாறைத் தடத்துக்கும் போகிறார்கள். காற்றை இறக்கினாலும் டயர் கழலாமல் அதன் ஓரத்தை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் சக்கரங்களைப் பற்றி அவர்கள் அனுப்பிய கேள்விகளையும், கோவையிலிருந்து வந்த ஒரு கேள்வியையும் சேர்த்து இங்கே பதிலளித்திருக்கிறேன்.

கேள்வி (சாக்ரமெண்டோ, ராங்ளர் ரூபிகான், 35 அங்குல டயர்): வணக்கம் ஐயா. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மலைத்தடங்களுக்குப் போகிறேன். டயரின் காற்றழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ. வரை இறக்குவேன். உடன் வருபவர்கள் பீட்லாக் போடச் சொல்கிறார்கள். எனக்கு அது தேவைதானா?

பதில்: 15 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திக்கொள்பவருக்குத் தேவையில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் கேள்விகள் அனைத்தும் இதைச் சார்ந்தே இருக்கின்றன.

சாதாரண ரிம்மில் டயரை இருந்த இடத்தில் நிறுத்தி வைப்பது உள்ளே அடைத்திருக்கும் காற்றுதான். கம்பி பொதிந்த டயர் ஓரத்தை, அதாவது பீடை, அந்தக் காற்று ரிம்மின் விளிம்போடு அழுத்திப் பிடித்திருக்கிறது. பாறையில் ஏறுவதற்காகக் காற்றை இறக்கினால் டயர் தளர்ந்து பரவி, தரையில் பதியும் பகுதி நீண்டு, பிடிமானம் கூடுகிறது; அதே வேளையில் பீடைப் பிடித்திருக்கும் விசையும் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் ஸ்டியரிங் திரும்பியிருக்க, சக்கரம் ஒரு கல்லின் ஓரத்தில் பக்கவாட்டில் வழுக்கினால், வெளிப்பக்க பீட் ரிம்மை விட்டுப் பிரிந்து காற்று முழுவதும் நொடியில் வெளியேறிவிடும். பீட்லாக் ரிம்மில் இந்த வெளிப்பக்க பீட், ரிம்முக்கும் தனியான ஓர் உலோக வளையத்துக்கும் நடுவே வைக்கப்பட்டு, சுற்றிலும் இருபது முப்பது போல்ட்டுகளால் இறுக்கப்படுகிறது. ஆகவே காற்று 6 அல்லது 8 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினாலும் அந்தப் பக்கம் கழலாது. உட்பக்க பீட் அப்போதும் காற்றை நம்பித்தான் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

17 அங்குல ரிம்மில் 35 அங்குல டயர் போட்டிருந்தால் பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ 9 அங்குலம். நல்ல ரிம்மில் அந்த டயரை 12 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, நிதானமாக ஓட்டினால், பெரும்பாலும் பீட் தன் இடத்திலேயே இருக்கும். அடிக்கடி 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்க வேண்டிய தடங்களில் ஓட்டுபவர்தான் பீட்லாக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் நிலையில் நான் இருந்தால் அந்தப் பணத்தை நல்ல கம்ப்ரசருக்கும் வண்டியின் அடிப்பகுதியைக் காக்கும் தகடுகளுக்கும் செலவிடுவேன்.

கேள்வி (டென்வர், ப்ரான்கோ): ஃபோர்டின் சாஸ்க்வாட்ச் என்ற மலைத்தடப் பேக்கேஜோடு வாங்கினேன். சக்கரத்தைச் சுற்றி வளையமும் போல்ட்டுகளும் தெரிகின்றன. அப்படியானால் என்னிடம் ஏற்கெனவே பீட்லாக் இருக்கிறது அல்லவா?

பதில்: இல்லை. நீங்கள் பார்ப்பது அலங்கார வளையம். டயரை அது பிடிக்கவில்லை. பீட்லாக்காக மாற்றக்கூடிய ரிம்கள் என்றுதான் ஃபோர்டு அவற்றைக் குறிப்பிடுகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது டயர் வழக்கமான முறையில்தான் பொருத்தப்பட்டிருக்கும். உண்மையான பீட்லாக் வேண்டுமென்றால், அலங்கார வளையத்தைக் கழற்றி, டயரின் வெளிப்பக்க பீடை வெளியே எடுத்து, ரிம்மின் முகப்பில் அமர்த்தி, தனியாக விற்கப்படும் கனமான வளையத்தை அதற்குரிய போல்ட்டுகளோடு பொருத்த வேண்டும். சில ராங்ளர் மாடல்களோடு வரும் ரிம்களிலும் இதே ஏற்பாடு உண்டு.

தெருவிலும் ஓட்டும் வண்டிக்கு இந்த ஏற்பாட்டை நான் விரும்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வண்டியின் எடை, பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றை அறிந்து, அந்த வண்டிக்கென்றே செய்யப்பட்ட ரிம் அது. பீட்லாக் தேவைப்படும் காலம் வரும்வரை சாதாரண ரிம்மாகவே ஓட்டலாம்.

கேள்வி (டாலஸ்): பீட்லாக் ரிம்களுக்கு டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) அனுமதி கிடையாது, தெருவில் ஓட்டுவது சட்ட விரோதம் என்கிறார்களே?

பதில்: இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை எந்த ரிம்மையும் சோதித்து முன்கூட்டியே அனுமதி அளிப்பதில்லை. ரிம்மில் பொறிக்கப்படும் டி.ஓ.டி. முத்திரை, தன் பொருள் கூட்டாட்சித் தரவிதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே அளிக்கும் உறுதிமொழி. பீட்லாக் என்ற அமைப்பையே தடை செய்யும் கூட்டாட்சி விதி ஏதும் இல்லை. ஆனால் சாலையில் எது ஓடலாம் என்பதை மாநிலங்களின் வாகனச் சட்டங்களும் பரிசோதனை நிலையங்களும் தீர்மானிக்கின்றன. அவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

என் பார்வையில் இதைவிட முக்கியமானது, தயாரிப்பாளர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது. பீட்லாக் ரிம்கள் பலவற்றில், சாலைக்கு வெளியே பயன்படுத்துவதற்கு மட்டும் என்ற வாசகம் ரிம்மிலோ கையேட்டிலோ இருக்கும். அதைப் படித்த பிறகும் நெடுஞ்சாலையில் ஓட்டி, விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனத்திடமும் நீதிமன்றத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் வண்டிக்காரர்தான். வாங்குமுன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இந்த ரிம், வளையத்தோடு சேர்த்து, சாலையில் ஓட்டுவதற்கு உகந்தது என்று நீங்கள் சொல்கிறீர்களா? எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2530 சோதனைகளில் இது தேறியிருக்கிறதா? ரிம் வளைவிலும் சுமையிலும் எவ்வளவு காலம் விரிசலின்றித் தாங்கும், மோதலை எப்படித் தாங்கும் என்பதைப் பார்க்கும் சோதனைகள் அவை. நேரான பதில் வராவிட்டால் வேறு கடையைப் பாருங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): பார்ப்பதற்கு அப்படியே பீட்லாக் போலிருக்கும் ரிம்கள் பாதி விலையில் கிடைக்கின்றன. தோற்றத்துக்காகப் போடலாமா?

பதில்: தோற்றத்துக்காக என்று தெரிந்தே போடுவதில் தவறில்லை. பிறகு அந்த வண்டியை வாங்குபவர் அதை உண்மையான பீட்லாக் என்று நம்பி 6 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால்தான் சிக்கல். விற்கும்போது சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், ராங்ளர், 37 அங்குல டயர்): பீட்லாக் வாங்கி முடிவாகிவிட்டது அண்ணா. பராமரிப்பு மிகவும் தொல்லை என்கிறார்கள். உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. ஒரு சக்கரத்துக்கு 24 போல்ட் என்று வைத்துக்கொண்டால் நான்கு சக்கரங்களுக்கும் 96. ஒவ்வொன்றுக்கும் உரிய முறுக்குவிசை உண்டு. பல தயாரிப்புகளில் அது 15 முதல் 20 அடி-பவுண்டுக்குள் இருக்கும் என்றாலும், உங்கள் ரிம்முக்கு அதன் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. போல்ட்டின் மரையில் கிரீஸ் தடவச் சொல்கிறார்களா, உலர்வாகப் போடச் சொல்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். கிரீஸ் தடவிய போல்ட் அதே விசையில் இன்னும் இறுகும், அலுமினிய மரை பிய்ந்துபோக அதுவே போதும்.

பொருத்தும் முறை இது. எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றுங்கள். பிறகு எதிரெதிராக, நட்சத்திர வடிவில், மூன்று நான்கு கட்டங்களாக விசையைக் கூட்டி, இறுதியில் விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். அதிர்ந்து அதிர்ந்து இறுக்கும் இம்பாக்ட் கன் பக்கமே போக வேண்டாம். ஒரே பக்கத்தில் வரிசையாக இறுக்கிக்கொண்டே போனால் வளையம் சாய்ந்து, எதிர்ப்பக்கத்தில் பீட் நசுங்காமல் இடைவெளி நின்றுவிடும். வளையத்துக்கும் ரிம்முக்கும் நடுவே தெரியும் இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். டயர் நிறுவனத்துக்கு நிறுவனம் பீடின் தடிமன் மாறுபடுவதால், சில டயர்களுக்கு நடுவே மெல்லிய இடைவளையம் சேர்க்க வேண்டியிருக்கும்.

பீட் என்பது ரப்பர். இறுக்கிய பிறகு அது மெல்ல அமுங்கும்; அதனால் போல்ட்டில் இருந்த இறுக்கம் குறையும். எனவே முதல் 50 மைலுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி சரிபாருங்கள். அதன் பின்னர் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும், தினசரி சாலையில் ஓடும் வண்டியாக இருந்தால் மாதம் ஒருமுறையும் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் வளையத்தின் மீது நீளும்படி வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், எது நகர்ந்திருக்கிறது என்பது பெட்ரோல் பங்கில் நிற்கும் நேரத்திலேயே தெரிந்துவிடும். கோடு நகராமலும் இறுக்கம் குறைந்திருக்கலாம் என்பதால் டார்க் ரெஞ்சுக்கு அது மாற்றாகாது.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் மறக்க வேண்டாம்: டயரில் காற்று இருக்கும்போது வளையத்தின் போல்ட்டுகளைக் கழற்றக் கூடாது. வால்வின் உள்ஊசியையே எடுத்துவிட்டு, காற்று முழுவதும் வெளியேறியதை உறுதி செய்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும். அழுத்தத்தோடு விடுபடும் வளையம் ஆளைக் கொல்லக்கூடியது. பல டயர் கடைகள் பீட்லாக் வேலையையே ஏற்பதில்லை. பொறுப்பை ஏற்க அவர்கள் தயாரில்லை. அதனால் இந்த வேலையை நீங்களே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அது தொல்லை என்று தோன்றினால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இதுவே சரியான நேரம்.

கேள்வி (ஃபீனிக்ஸ், அதே நண்பர்): நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்குமா?

பதில்: நடுங்க வாய்ப்பு கூடுதல். சாதாரண ரிம்மில் டயரை நடுமையத்தில் நிறுத்துவது பீட் உட்காரும் தளம். பீட்லாக்கில் வெளிப்பக்கத்தைக் கையால் அமர்த்துகிறோம். சற்றே ஒருபக்கம் தள்ளிப் பொருத்திவிட்டால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. ஆகவே பீடை மையத்தில் நிறுத்தும் படி வெட்டப்பட்ட ரிம்களைத் தேர்ந்தெடுங்கள். வளையமும் போல்ட்டுகளும் கூடுதல் எடை. வெளிவிளிம்பில் ஈயக்கட்டி மாட்ட இடமில்லாததால் ரிம்மின் உட்புறத்தில் ஒட்டும் எடைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். டயருக்குள் சிறு மணிகளைப் போட்டுச் சமன் செய்யும் முறையும் உண்டு. ஆனால் காற்றை இறக்கும் ஒவ்வொரு முறையும் அவை வால்வில் வந்து அடைக்கும், உள்ளே ஈரம் இருந்தால் கட்டியாகிவிடும். அடிக்கடி காற்று இறக்குபவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

தடத்திலிருந்து சாலைக்குத் திரும்பும்போது காற்றை முழு அளவுக்கு நிரப்பாமல் வேகமெடுக்கக் கூடாது. குறைந்த காற்றில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் பிரிந்துபோகும். பீட்லாக் இருப்பதால் டயர் கழலவில்லை என்ற தெம்பில் 10 பி.எஸ்.ஐ.யோடு வீடுவரை வந்துவிடலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; வெப்பத்துக்கு அந்த போல்ட்டுகளைப் பற்றிக் கவலையில்லை.

கேள்வி (சால்ட் லேக் சிட்டி): போல்ட்டே இல்லாத பீட்லாக் உண்டா?

பதில்: உண்டு. ஆஸ்திரேலியாவில் உருவான ஸ்டான் வகையில், டயருக்குள் உறையிட்ட ஒரு குறுகிய டியூப் ரிம்மைச் சுற்றி அமர்ந்து, தனி வால்வு வழியாக அதிக அழுத்தத்தில் ஊதப்பட்டு, இரு பக்க பீடுகளையும் உள்ளிருந்து தள்ளிப் பிடிக்கிறது. வெளித்தோற்றத்தில் சாதாரண ரிம்தான். உட்பக்க பீடும் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ரிம்மில் இரண்டாவது துளை போட வேண்டும், டயர் அழுத்த சென்சாருக்கு இடம் கிடைப்பது கடினம், தடத்தில் பஞ்சர் ஆனால் பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. வாகனப் பாதுகாப்புக்கான 2000-ஆம் ஆண்டின் ட்ரெட் சட்டத்தைத் தொடர்ந்து அமெரிக்கக் கார்களில் டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் அமைப்பு கட்டாயமானது. தினமும் சாலையில் ஓடும் வண்டியில் அதை இழக்க நான் சம்மதிக்க மாட்டேன். இராணுவ ஹம்வீ வண்டிகளில் இருப்பது போல, இரண்டாகப் பிரியும் ரிம்முக்குள் ரப்பர் வளையம் வைத்து இரு பீடுகளையும் இறுக்கும் வகையும் கிடைக்கிறது. உறுதியில் அதற்கு இணையில்லை, எடையிலும் அப்படித்தான்.

கேள்வி (கோவை, மஹிந்திரா தார்): இங்கே வாங்கிப் போடலாமா அண்ணா? மலைச்சாலையிலும் ஆற்றுமணலிலும் ஓட்டுகிறேன்.

பதில்: வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், தாரில் வரும் 255/65 ஆர்18 டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 16.6 சென்டிமீட்டர்தான், ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ.யில் ஓட்டும் டயர் அது அல்ல, கல்லில் ரிம்மே அடிவாங்கும். மணலில் 16, 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, திருப்பங்களில் வேகத்தைக் குறைத்தாலே போதும்.

கேள்வி (சான் டியேகோ, ராங்ளர்): ரிம் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஸ்டெப்னிக்கும் பீட்லாக் வேண்டுமா?

பதில்: விட்டம் 17 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம், பக்கச்சுவர் குறைந்தால் காற்றை இறக்குவதன் பயனும் குறைகிறது. உங்கள் ராங்ளருக்கு 9 அங்குல அகலம், 4.5 அங்குல பேக்ஸ்பேஸிங் (ரிம்மின் உள்விளிம்பிலிருந்து அது வண்டியில் பொருந்தும் தளம் வரையிலான தூரம்) வழக்கமான தேர்வு. ஆஃப்செட்டில், அதாவது அந்தத் தளம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் அளவில் சொன்னால், ஏறத்தாழ மைனஸ் 12 மில்லிமீட்டர். அதைவிட வெளியே தள்ளினால் வளையம் பாறையில் முதலில் உரசும், பேரிங்குகளின் மீது சுமை கூடும், ஃபெண்டருக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் பல மாநிலங்களில் அபராதமும் வரலாம். வளைந்த வளையத்தை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னிக்கு பீட்லாக் அவசியமில்லை. அதே அளவு டயரும் அதே ஆஃப்செட்டும் கொண்ட சாதாரண ரிம் போதும். பின்கதவுக் கீல்களின் மீது எடையும் குறையும். அதை மாட்டியிருக்கும் நேரத்தில் அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்காதீர்கள். ஐந்து டயர்களையும் சுழற்சி முறையில் மாற்றித் தேய்க்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால் ஐந்தாவதையும் பீட்லாக்காகவே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சுழற்சிக்கும் டயரைக் கழற்றி, 24 போல்ட்டுகளையும் மீண்டும் முதலிலிருந்து இறுக்க வேண்டியிருக்கும்.