கட்லட் மரம் ஏன் சாய்ந்தது?

கேள்வி: போன நத்தாருக்குக் கைபேசியில் பார்த்த படம் ஒன்றைப் போல, சீஸ், திராட்சை, ஒலிவ் காய், கட்லட் எல்லாவற்றையும் பற்குச்சியில் குத்தி மேசை நடுவில் வைக்க ஒரு பலகார மரம் செய்தேன். ஆட்கள் வர முதலே அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சீஸ் வியர்த்து, கட்லட் நனைந்து உடைந்துபோயிற்று. இந்த முறை 25ஆம் திகதி பின்னேரம் 6 மணிக்கு 25 பேர் வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்து மச்சாள் குடும்பமும் வருகிறது. நாலு பேர் மச்சம் தொடமாட்டார்கள். வீட்டில் அவண் இல்லை, சின்னப் பிரிட்ஜ் ஒன்றுதான் இருக்கிறது. திரும்பவும் செய்து பார்க்கலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். அது குளிர்நாட்டு மேசைக்கு உரியது. எங்கள் மார்கழிப் பின்னேரத்தில் 27, 28 பாகை வெப்பமும் மழை ஈரமும் இருக்கும். அந்தச் சூட்டில் சீஸ் கொழுப்பைக் கக்கும், வெட்டிய திராட்சை நீர் விடும், அந்த நீர் பக்கத்தில் இருக்கிற கட்லட்டின் தூளை ஊறவைக்கும். ஆகவே சீஸ், திராட்சை, ஒலிவ் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் கொறிக்க என்றால் ஆளுக்கு ஐந்து, ஆறு துண்டு போதும். 25 பேருக்கு 140 அளவில் வரும். நாங்கள் சொல்லப்போகிற அளவு மரத்தில் 60 துண்டுக்கு மேல் நிற்காது. இதைக் குறையாக எண்ண வேண்டாம். 140ஐயும் ஒரே தடவையில் ஏற்ற முயன்றால் மரம் சாயும், அடியில் இருப்பது ஆறி நமர்க்கும், கடைசியாக எடுக்கிற துண்டு மணிக்கணக்கில் வெளியில் கிடந்ததாக இருக்கும். இரண்டு தடவையாக ஏற்றுவதென்று முதலே முடிவெடுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்து தானாக ஒழுங்காகும்.

இனி மரத்துக்கான சட்டம். குலை வெட்டிய வாழையில் 10, 11 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள நேரான இடமாகப் பார்த்து 35 சென்ரிமீற்றர் குற்றி ஒன்று நறுக்குங்கள். இதை 24ஆம் திகதியே வெட்டி, ஒரு வாளிக்குள் நிமிர்த்தி வையுங்கள். இரவோடு கயர் வடிந்துவிடும். வடியாமல் பாவித்தால் கயர் ஈர்க்கு வழியே ஏறிக் கட்லட்டைக் கறுப்பாக்கும், நாக்கிலும் தெரியும். அடுத்த நாள் உப்பும் தேசிக்காயும் கலந்த தண்ணீரில் கழுவித் துடைத்து, நெருப்பில் வாட்டிய வாழையிலையால் இறுகச் சுற்றி, ஈர்க்குத் துண்டுகளால் தைத்துவிடுங்கள். வாட்டாத இலை குத்தும்போது நரம்பு வழியே கிழியும்.

குற்றி மட்டும் நின்றால் விழும். போன வருடம் உங்கள் மரம் சாய்ந்ததற்கும் அடி ஒடுங்கியிருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். 4 கிலோ அளவான தட்டைப் பூசணிக்காய் ஒன்றைக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதியின் விதையையும் தும்பையும் வழித்தெடுத்து, உச்சியில் குற்றி இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை போடுங்கள். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பெரிய தாம்பாளத்தில் கவிழ்த்து, துளை வழியே குற்றியை இறக்குங்கள். குற்றி தாம்பாளத்தில் நிற்கும், பூசணி அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பூசணிச் சுவருக்கு ஊடாகக் குற்றிக்குள் போகும்படி நான்கு பக்கமும் மூங்கில் குச்சி அடித்து இறுக்குங்கள். துளை கொஞ்சம் பெருத்துவிட்டால் பூசணிச் சீவல்களை ஆப்பாகச் செருகலாம். பிறகு தாம்பாளத்தை மெதுவாகச் சரித்துப் பாருங்கள். குற்றி ஆடினால் பலகாரம் ஏற்ற வேண்டாம், ஆப்பைத் திரும்ப இறுக்குங்கள்.

பற்குச்சி இந்த வேலைக்குக் கட்டை. தென்னோலை ஈர்க்குத்தான் சரி. அடிப்பக்கத்துத் தடித்த பகுதியில் 12 சென்ரிமீற்றர் துண்டுகளாக 140 வெட்டி, சுரண்டி, ஒரு முனையைச் சரிவாகச் சீவி, பத்து நிமிடம் கொதிநீரில் அவித்து எடுங்கள். மார்கழியில் வெயிலை நம்ப முடியாது, அடுப்படியில் பரப்பி உலர்த்துங்கள். ஈரமான ஈர்க்கு வளையும். வாழைக்குற்றிக்குள் ஈர்க்கு இலகுவாக இறங்கும். பூசணித் தோலோ கடினம், சுத்தமான இரும்புக் கம்பியால் முதலில் துளை போட வேண்டும். வெளி முனை சற்று மேல்நோக்கி நிற்கும்படி எல்லாத் துளையையும் உட்சரிவாகப் போடுங்கள். மட்டமாகப் போட்டால் பாரத்தில் முனை தாழ்ந்து கட்லட் வழுக்கி விழும்.

கட்லட் உடைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈர்க்கில் நிற்கிற கட்லட்டும் தட்டில் கிடக்கிற கட்லட்டும் ஒன்றல்ல. மார்கழியில் முல்லைத்தீவுக் கடல் குழம்பியிருக்கும், நல்ல மீன் கிடைக்குமென்று சொல்ல முடியாது. ரின்மீனே நம்பிக்கை. 40 துண்டுக்கு உருளைக்கிழங்கு 750 கிராம், 425 கிராம் ரின்மீன் ஒன்று, வெங்காயம் 200 கிராம், பச்சைமிளகாய் ஐந்து, கறிவேப்பிலை இரண்டு நெட்டு, மிளகுதூள் 2 தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, பாதித் தேசிக்காய்.

கிழங்கைத் தோலோடு முழுதாக அவியுங்கள், வெட்டி அவித்தால் தண்ணீர் குடிக்கும். சூட்டோடு உரித்து மசித்து, தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆவி போகவிடுங்கள். மீனை அரிதட்டில் கால் மணித்தியாலம் வடியவிட்டு, நடுமுள்ளை எடுத்துவிடுங்கள். வெங்காயத்தைத் தாச்சியில் வதக்கி மீனைப் போட்டு, சுர்ரென்ற சத்தம் அடங்கும்வரை கிளறுங்கள். சத்தம் கேட்கிறதென்றால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கொதியெண்ணெயில் ஆவியாகித் தோலை வெடிக்க வைப்பது. தேசிப்புளியை இறக்கிய பிறகு விடுங்கள். நன்றாக ஆறியபின் கிழங்கோடு பிசைந்து, 25 கிராம் உருண்டைகளாக எடுத்து, வட்டமாகத் தட்டாமல் விரல் நீளவாக்கில் உருட்டுங்கள். வட்டக் கட்லட் ஈர்க்குப் பட்டதும் பிளக்கும். நீளமானதில் நுனியால் குத்தினால் பிடி கிடைக்கும்.

தோய்க்கும் கரைசலுக்குக் கோதுமைமா 100 கிராம், தண்ணீர் 180 மில்லிலீற்றர், முட்டை ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. றஸ்க் தூள் 300 கிராம் வேண்டும். பூசணியைச் சுற்றி அடி வரிசையில் நிற்கப்போகிற இருபதுக்கும் இரண்டு தடவை தோய்த்து இரண்டு தடவை தூள் புரட்டுங்கள். இதை 24ஆம் திகதி இரவே முடித்து, பொரிக்காமல் மூடிப் பிரிட்ஜில் வைக்கலாம். குளிரில் இறுகிய கட்லட் பொரியும்போது குலையாது.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு பாண் துண்டு போடுங்கள், ஒரு நிமிடத்துக்குள் பொன்னிறமாக வேண்டும். புகை கிளம்பினால் கூடிவிட்டது. ஒரு தடவைக்கு ஏழு, எட்டுக்கு மேல் போட வேண்டாம். குளிர்ந்த கட்லட் கூடினால் எண்ணெயின் சூடு இறங்கி, தூள் எண்ணெய் குடித்துக் கழன்றுவிடும். பொரித்து எடுத்ததைக் கால் மணித்தியாலம் கம்பித் தட்டில் ஆறவிட்டு, பிறகு மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு மட்டும் ஈர்க்கு ஏற்றுங்கள். சுடச்சுடக் குத்தினால் நடு இளகி நழுவும்.

மரத்தின் மேற்பகுதிக்குப் பாரம் குறைந்த, நெடுநேரம் மொறுமொறுப்பாக நிற்கிற கடலை வடை. 300 கிராம் கடலைப்பருப்பை இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து நன்றாக வடித்து, முக்கால்வாசியை அரைகுறையாக அரைத்து, மிச்சத்தை முழுதாகவே சேருங்கள். வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்பு போட்டு 20 கிராம் வடைகளாகத் தட்டினால் 30 வரும். அரைக்கும்போது தண்ணீர் விட வேண்டாம், எண்ணெயில் உதிரும். எண்ணெய்ப் பண்டங்களுக்கு நடுவில் புளிப்பு ஒன்று வேண்டும். 250 கிராம் சின்ன வெங்காயத்தை உரித்து ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, 200 மில்லிலீற்றர் வினாகிரி, 2 மேசைக்கரண்டி சீனி, 2 தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகு சேர்த்து 23ஆம் திகதியே போத்தலில் போட்டுவையுங்கள். வெங்காயத்தைத் துடைத்து, தனி ஈர்க்கில் குத்துங்கள். கட்லட்டோடு ஒரே ஈர்க்கில் கோத்தால் போன வருடக் கதைதான்.

மச்சம் தொடாத நாலு பேருக்கு இதே மரத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்க வேண்டாம். மேலிருந்து தூளும் எண்ணெயும் கீழே விழும், அவர்கள் மனம் வைத்துச் சாப்பிட மாட்டார்கள். ஒரு கோவாவின் அடியை மட்டமாக வெட்டிச் சின்னத் தட்டில் வைத்து அவர்களுக்கென்று இரண்டாவது மரம் செய்யுங்கள். அதில் கடலை வடையும், அவித்த பனங்கிழங்கும். கிழங்கின் தும்பையும் நடுவில் உள்ள பீலியையும் எடுத்து 3 சென்ரிமீற்றர் துண்டுகளாக்கி, தேங்காய்ப்பூ, மிளகு, உப்பில் புரட்டிக் குத்தலாம். மச்சாளின் பிள்ளைகள் முதலில் இதைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறோம். மீன் கட்லட்டுக்கு முன்னர் வடையைப் பொரித்து முடித்துவிட்டால் எண்ணெய்ப் பிரச்சினையும் இல்லை.

25ஆம் திகதி 3 மணிக்குச் சட்டத்தை மேசையில் நிறுத்துங்கள். பலகாரம் ஏற்றியபின் தூக்கி நகர்த்த வேண்டாம். தாம்பாளத்தைத் தண்ணீர் ஊற்றிய அகலமான தட்டுக்குள் வைத்தால் எறும்பு ஏறாது. விறாந்தை விளக்குக்கு நேர் கீழே மேசையைப் போட வேண்டாம், மழை விட்ட பின்னேரத்தில் ஈசலும் பூச்சியும் அங்கேதான் விழும். நாலரைக்கு, பாதிக் கட்லட்டைப் பிரிட்ஜிலேயே விட்டுவைத்து, மற்றதைப் பொரிக்கத் தொடங்கி, ஐந்தரைக்கு அடியிலிருந்து மேலாக ஏற்றுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்று குத்தினால் அடுத்ததை எதிர்ப்பக்கத்தில் குத்த வேண்டும். ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டு மறுபக்கம் போகிறவர்களின் மரம்தான் சரிவது. இடைவெளிகளைக் கழுவி உலர்த்திய கறிவேப்பிலை நெட்டுகளால் நிரப்புங்கள், சலாது இலை அரை மணித்தியாலத்தில் வாடிவிடும். உச்சிக்கு மிச்சப் பாதிப் பூசணியிலிருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு நட்சத்திரம் வெட்டி, உப்பு நீரில் இரண்டு நிமிடம் அவித்துக் குத்தினால் நிறம் எடுப்பாக இருக்கும்.

பேக்கரி பற்றிசைக் குத்தவே வேண்டாம், பொடிந்து கறி கொட்டும். வாங்கினால் மரத்தடியில் அடுக்குங்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் இந்தச் சூட்டுக்கு ஆபத்து, தக்காளி சோஸ் போதும். நந்திக்கடல் இறால் கிடைத்தாலும் மரத்தில் ஏற்றாமல், ஆட்கள் வந்தபின் சுடச்சுடப் பொரித்துக் கிண்ணத்தில் கொடுங்கள்.

மீன் பண்டம் எதுவும் அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். பாதி கட்லட்டைப் பொரிக்காமல் பிரிட்ஜில் விட்டுவைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஏழு மணியளவில் மரம் வெறுமையானதும் அதைப் பொரித்துப் புது ஈர்க்கில் ஏற்றுங்கள். பாவித்த ஈர்க்கைப் போட ஒரு பேணியை மேசையிலேயே வையுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஈர்க்கைக் கழற்றிவிட்டுத் தட்டில் கொடுங்கள். முழுச் சின்ன வெங்காயம் அவர்களுக்கு வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

எல்லாம் முடிந்து குற்றியை மாட்டுக்குப் போட நினைத்தால், முதலில் அதை நீளவாக்கில் பிளந்து, முறிந்து உள்ளே நிற்கிற ஈர்க்கு முனைகளையும் மூங்கில் குச்சிகளையும் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள்.