மாஸ்டர் பதில்கள்: ஆறாவது வாரம் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

(வடசென்னையில் ஒரு பழைய தேகப்பயிற்சிசாலையில் கர்லாக்கட்டை சுற்றத் தொடங்கி, 23 வருடமாகப் பர்சனல் ட்ரெய்னராக இருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

எனக்கு வயது 26. பி.இ. முடித்து, ட்ரெய்னர் கோர்ஸும் படித்து, ஒரு ஜிம்மில் பி.டி. (பர்சனல் ட்ரெய்னிங்) எடுக்கிறேன். மாவட்ட ஆணழகன் போட்டியில் பரிசு வாங்கியவன். என் உடம்பைப் பார்த்து ஆட்கள் சேர்கிறார்கள், ஆனால் ஒன்றரை மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். ‘உன் மனசுலதான் கோளாறு’ என்கிறார் ஓனர். எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? (திருநெல்வேலி வாசகர்)

தம்பி, ஓனர் சொன்னதும் கோபம் வந்திருக்குமே? எனக்கு இதையே 2004-ல் ஒருவர் சொன்னார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அப்போது எனக்கு 24 வயது, 16 அங்குலக் கை. இறுக்கமான பனியன் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பயிற்சியையும் நானே செய்து காட்டுவேன். கிளையன்ட் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். நானும் கண்ணாடியில் என்னைத்தான் பார்ப்பேன். அவருடைய முதுகு வளைந்ததா, மூச்சைப் பிடித்துக்கொண்டாரா என்று பார்க்க அங்கே ஆளே இல்லை. நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் உங்கள் வகுப்பை வீடியோ எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஆணழகன் ஆக வரவில்லை. அண்ணா நகரில் ஓர் அம்மா, 61 வயது, ஓய்வுபெற்ற டீச்சர். முதல் நாள் வழக்கம்போல, “எத்தனை கிலோ குறைக்கணும்மா?” என்றேன். “கிலோ கிடக்கட்டும் தம்பி. எனக்கு பஸ்ஸில் ஏறணும்” என்றார். படியில் காலை வைத்தால் உடம்பு மேலே எழவில்லை, பின்னால் நிற்பவர்கள் தள்ளுகிறார்கள், கண்டக்டர் கத்துகிறார். அந்த வெட்கத்தில் இரண்டு வருடமாக ஆட்டோதான்.

மறுநாள் இன்ச் டேப்போடு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அளந்துகொண்டு வந்து, அவர் வீட்டில் கிடந்த பழைய டெலிபோன் டைரக்டரிகளைக் கயிற்றால் கட்டி, மேலே ஒரு பலகை வைத்தேன். மூன்று அங்குல உயரத்தில் ஆரம்பம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டினோம். ஏறும்போது அவர் வலது கை புடவைக் கொசுவத்தைப் பிடித்திருக்கும். முட்டி வலிக்கத் தொடங்கும் முன்பே அந்த விரல்கள் இறுகும். கேட்டால் “பரவாயில்ல தம்பி, இன்னொண்ணு பண்றேன்” என்பார். நான் வாயை நம்பாமல் விரலை நம்பி நிறுத்திவிடுவேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன். தி.நகர் பனகல் பார்க்கில் பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்கிறாராம். ஒரே இரைச்சல், பாதி கேட்கவில்லை. எடை இரண்டு கிலோதான் குறைந்திருந்தது. அவர் மூலமாக மட்டும் எனக்கு 9 பேர் வந்தார்கள்.

உங்கள் ‘ஒன்றரை மாத’ விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாலைந்து வாரத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை ஒழுங்காக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சதை போடுவது அப்புறம்தான். ஆறாவது வாரம் அவர் கண்ணாடியைப் பார்க்கிறார், பழைய ஆள்தான் நிற்கிறார். எடையும் முதல் பதினைந்து நாளில் இறங்கிய இடத்திலேயே நிற்கிறது. அதே நேரம் அடுத்த மாதப் பணம் கட்டச் சொல்லி நீங்கள் நிற்கிறீர்கள். யார்தான் தொடர்வார்? அதனால் முதல் நாளிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்தார், மூன்று மாடி ஏறி முடித்தபோது பேச முடிந்ததா, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார். ஐந்தாவது வாரம் அந்த நோட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம்.

இன்னொன்று. ஒரு நாள் வராதவரை மறுநாள் “ஏன் சார் நேத்து வரல?” என்று ஸ்டேஷனில் விசாரிப்பது மாதிரி விசாரிக்காதீர்கள். மூன்று நாள் மட்டம் போட்டவர் பயந்துதான் நான்காவது நாளும் வருவதில்லை. அவர் மட்டம் போட்டது உங்களுக்குச் செய்த அவமரியாதை இல்லை. இது என் மண்டையில் ஏறவே பத்து வருடம் ஆனது.

பி.டி. ஆக ஆசைப்படுகிறேன். ‘ஊர் ஆளுங்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர்றதெல்லாம் ஒரு வேலையா?’ என்கிறார் மாமியார். (கோவை வாசகி)

மாமியாருக்கு முழங்கால் வலி இருக்கிறதா? இருக்கும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெண்களுக்குப் பெண் ட்ரெய்னர் கிடைப்பது எங்கள் பக்கத்திலேயே கஷ்டம். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசை விலகியவர்கள், இருமினால் சிறுநீர் கசிகிறது என்பவர்கள் என்னிடம் அதைச் சொல்லவே மாட்டார்கள். உங்களிடம் சொல்வார்கள். அதையெல்லாம் கையாளத் தனியாகப் படியுங்கள், தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைத்தான் யோசிக்க வேண்டும். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை, மாலை ஐந்திலிருந்து ஒன்பது. உலகம் வேலைக்குப் போகாத நேரம்தான் நமக்கு வேலை. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்காவிட்டால் மூன்றே மாதத்தில் சிடுசிடுப்பு வரும், அது கிளையன்ட் மேல் விழும். சம்பளத்தை முன்பணமாக வாங்குங்கள். பழகிய வீடுகளுக்கு மட்டும் நேரில் போங்கள்.

இத்தனை வருடத்தில் நீங்கள் செய்த பெரிய தப்பு? (தஞ்சாவூர் வாசகர்)

ஒரு வங்கி அதிகாரி, 52 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர். என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. கிளிமிபிரைடு வகை மாத்திரை சர்க்கரையைத் தாழ இறக்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் அன்று காலை மாத்திரை போட்டுவிட்டு, நேரமாகிவிட்டதென்று சாப்பிடாமல் வந்திருக்கிறார். நான் லஞ்சஸ் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டி மடக்கி இறங்கும் பயிற்சி) கொடுத்துக்கொண்டே இருந்தேன். கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது. ‘நல்லா வேர்க்குது, கொழுப்பு கரையுது சார்’ என்றேன் நான்! பேச்சு குழறியபோதுதான் உறைத்தது. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது என் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. கடலை மிட்டாய் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். முதல் நாள் பாரத்தில் நோய் என்ன என்பதோடு மாத்திரையின் பெயரையும் எழுதி வாங்குகிறேன். ‘தெரியாது, டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்ல நாக்கு கூசக்கூடாது.

ஸ்டெராய்டு எடுக்காமல் இந்தத் தொழிலில் பெரிய ஆளாக முடியுமா? ஜிம்மில் எல்லோரும் ஊசி போடுகிறார்கள். (வியாசர்பாடி வாசகர்)

நம்ம ஏரியா தம்பியா? அப்போ நேராகவே சொல்கிறேன். எல்லோரும் போடவில்லை, போடுகிறவர்கள் சத்தமாகப் பேசுகிறார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். விரை சுருங்கும், குழந்தைப் பேறு சிக்கலாகும், நல்ல கொழுப்பு குறையும், இதயத் தசை தடிக்கும். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. என்னோடு மேடை ஏறிய ஒருவனுக்கு 34 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஊசிதான் காரணமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் போட்ட ஊசிகளை எண்ணியவன் நான், அவ்வளவுதான்.

கிளையன்ட்டுக்கு ஊசி விற்றுக் கமிஷன் பார்ப்பவன் ட்ரெய்னர் இல்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பவுடர் வேறு விஷயம், அது பாலிலிருந்து எடுத்த புரதம். ஆனால் சாதாரண ஆளுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லும் புரத அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 0.83 கிராம். எடை தூக்குகிறவருக்குக் கூடுதலாக வேண்டும்தான். முட்டை, சுண்டல், மீன், சோயா உருண்டையில் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். துண்டு விழுந்தால் டப்பா வாங்கலாம்.

‘யூடியூபில் எல்லாம் இலவசமாக இருக்கிறது, உனக்கு எதற்கு மாதம் ஐயாயிரம்?’ என்று கேட்பவருக்கு என்ன சொல்வது? (சேலம் வாசகர்)

“ஆமாம் சார், இருக்கு. செஞ்சு பாருங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். வாதாட வேண்டாம். பாதிப் பேர் இரண்டு மாதத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர் அதிலேயே நன்றாகிவிடுவார்கள், அவர்களுக்கு நாம் தேவையில்லை.

எனக்கு 44. கம்பெனியில் ஆட்குறைப்பு. இந்த வயதில் ட்ரெய்னராக வரலாமா? (ஓசூர் வாசகர்)

மனோகர் ஆய்ச் என்ற பெரியவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 4 அடி 11 அங்குலம்தான் உயரம். வெள்ளைக்காரன் காலத்துச் சிறையிலேயே பயிற்சியைத் தொடர்ந்தவர். 1952-ல் ‘மிஸ்டர் யுனிவர்ஸ்’ பட்டம் வாங்கும்போது வயது 40. கொல்கத்தாவில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்து, 2016-ல் 104 வயதில் காலமானார். அவர் மாதிரி எல்லோரும் ஆக முடியாது, சரி. ஆனால் 50 வயது ஆள் தன் மூட்டைப் பற்றி 22 வயதுப் பையனிடம் பேசத் தயங்குவார், உங்களிடம் பேசுவார். முதல் வருட வருமானத்தை நம்பி வீட்டுக் கடன் தவணை கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும்.

என் ட்ரெய்னர் எப்போதும் போனையே பார்க்கிறார். சொன்னால் தப்பாக நினைப்பாரா? (சென்னை வாசகி)

அடுத்த செட்டில் ஒன்பது தடவை எடுத்துவிட்டு “பன்னிரண்டு முடிஞ்சது மாஸ்டர்” என்று சொல்லிப் பாருங்கள். தலையாட்டினால் அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். மறுபடியும் அப்படியே என்றால் ஆளை மாற்றச் சொல்லுங்கள். கொடுக்கிற காசு, அந்த ஒரு மணி நேரம் அவர் கண் உங்கள் மேல் இருப்பதற்குத்தான்.

இதை எழுதி முடிப்பதற்குள் என் போனும் அடித்துவிட்டது. காலை ஐந்தரை மணி ஆள்தான். நாளைக்கு வரமாட்டாராம், மாமனார் வீட்டுக் காதுகுத்து.